இரு புவியிடங்களுக்கு இடையிலான தொலைவைக் கணித்தல்

இரு புவியிடங்களுக்கு இடையிலான தொலைவைக் கணித்தல் என்பது, புவி மேற்பரப்பிலுள்ள இரண்டு இடங்களின் அகலாங்கு (அட்சரேகை), நெட்டாங்கு (தீர்க்கரேகை) ஆகியவற்றைக் கொண்டு அவற்றுக்கு இடைப்பட்ட நீளத்தைக் கண்டறியும் கணிப்பு முறை ஆகும். கப்பலோட்டிகளும் நில அளவையாளர்களும் பல நூற்றாண்டுகளாகக் கையாண்டு வந்த இக்கணிப்பு, இன்று கைப்பேசிச் செயலிகளில் நாள்தோறும் எண்ணற்ற முறை நிகழ்கின்றது. வாடகை வண்டிக்கு அருகிலுள்ள ஓட்டுநரைத் தேடுதல், உணவு விநியோகக் கட்டணத்தை முடிவு செய்தல், ஓடிய தூரத்தைப் பதிதல், அவசர ஊர்தியை அனுப்புதல் போன்றவை யாவும் இதனையே அடிப்படையாகக் கொண்டுள்ளன.

"இரு இடங்களுக்கு இடையிலான தொலைவு" என்ற சொற்றொடர் ஒரே ஓர் எண்ணைக் குறிப்பது போல் தோன்றினாலும், உண்மையில் அது குறைந்தது மூன்று வெவ்வேறு அளவுகளைக் குறிக்கக்கூடும். புவியைக் கோளமாகக் கொண்டு கணிக்கப்படும் பெருவட்டத் தொலைவு ஒன்று; துருவங்களில் சற்றே தட்டையான நீள்கோளமாகக் கொண்டு கணிக்கப்படும் தொலைவு மற்றொன்று; சாலை அல்லது இருப்புப் பாதை வழியாகச் செல்லவேண்டிய தொலைவு மூன்றாவது. செயலிகளில் காணப்படும் பிழைகளுள் பெரும்பாலானவை கணக்கு தெரியாமையால் விளைவதைக் காட்டிலும், இம்மூன்றில் எது தேவை என்பதை முதலில் தீர்மானிக்காமையால் விளைகின்றன எனலாம்.

ஆயங்கள்

கைப்பேசி தன் இருப்பிடத்தைப் பெரும்பாலும் செயற்கைக்கோள் இடங்காட்டி முறைமைகளின் வழியாகவும், அவை கிட்டாதபோது கைப்பேசிக் கோபுரங்கள், வைஃபை இணைப்புகள் ஆகியவற்றின் துணையுடனும் அறிகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் ஜி.பி.எஸ். முறைமையில் பொதுமக்களுக்கான குறிகைகளைத் திட்டமிட்டு மங்கச் செய்யும் நடைமுறை 2000 மே மாதத்தில் கைவிடப்பட்டது. அதன் பின்னரே பொதுப் பயன்பாட்டுக் கருவிகள் சில மீட்டர் அளவிலான துல்லியத்தை எட்டின. திறந்த வானின் கீழ் ஒரு கைப்பேசியின் இருப்பிடத் துல்லியம் ஏறத்தாழ 5 மீட்டர் ஆகும். உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் அடர்ந்த மரங்களின் கீழும் இது மேலும் குறையும்.

கிடைக்கும் ஆயங்கள் பொதுவாகப் பாகையில், தசம எண்களாகத் தரப்படுகின்றன. சென்னையின் ஆயங்கள் 13.0827° வடக்கு, 80.2707° கிழக்கு, மதுரையின் ஆயங்கள் 9.9252° வடக்கு, 78.1198° கிழக்கு. தெற்கு அகலாங்குகளும் மேற்கு நெட்டாங்குகளும் எதிர் எண்களாகக் குறிக்கப்படுகின்றன. அகலாங்கில் ஒரு பாகை என்பது எவ்விடத்திலும் ஏறத்தாழ 111 கி.மீ. ஆகும். நெட்டாங்கில் ஒரு பாகையின் நீளமோ நிலநடுக்கோட்டில் 111 கி.மீ. ஆக இருந்து, துருவங்களை நோக்கிச் செல்லச் செல்லச் சுருங்கிச் சுழியமாகின்றது. சென்னையின் அகலாங்கில் அது 108 கி.மீ.; கனடாவின் டொராண்டோவில் 80 கி.மீ.; நோர்வேயின் ஒஸ்லோவில் 56 கி.மீ. மட்டுமே. அகலாங்கின் கோசைன் மதிப்பே இச்சுருக்கத்தின் அளவு ஆகும்.

ஹேவர்சைன் வாய்பாடு

கோளம் ஒன்றின் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய பாதை, கோளத்தின் மையத்தைத் தன் மையமாகக் கொண்ட பெருவட்டம் ஒன்றின் வில் ஆகும். இவ்வில்லின் நீளத்தைக் காண ஹேவர்சைன் வாய்பாடு பரவலாகப் பயன்படுகின்றது. ஒரு கோணத்தின் பாதியினது சைன் மதிப்பின் வர்க்கமே அக்கோணத்தின் ஹேவர்சைன் எனப்படும். இப்பெயரை ஆங்கிலேயக் கடற்பயணவியல் ஆசிரியரான ஜேம்சு இன்மன் 1835இல் தம் நூலில் அறிமுகப்படுத்தினார்.

அகலாங்குகளை அ₁, அ₂ எனவும், நெட்டாங்குகளை நெ₁, நெ₂ எனவும், புவியின் ஆரத்தை ஆ எனவும் கொண்டால், வாய்பாடு பின்வருமாறு அமையும்:

ஹ = சைன்²((அ₂ − அ₁) ÷ 2) + கோசைன்(அ₁) × கோசைன்(அ₂) × சைன்²((நெ₂ − நெ₁) ÷ 2)

தொலைவு = 2 × ஆ × நேர்மாறு சைன்(√ஹ)

ஆரமாகப் புவியின் சராசரி ஆரமான 6371 கி.மீ. எடுத்துக்கொள்ளப்படுகின்றது. சென்னை, மதுரை ஆகியவற்றின் ஆயங்களை இதில் இட்டால் முதல் உறுப்பு 0.000759 எனவும், இரண்டாம் உறுப்பு 0.000338 எனவும் கிடைக்கும். இவற்றின் கூட்டுத்தொகை 0.001097, அதன் வர்க்கமூலம் 0.03312, அதற்குரிய நேர்மாறு சைன் 0.03313 ரேடியன். இதனை இருமடங்காக்கி ஆரத்தால் பெருக்க, தொலைவு ஏறத்தாழ 422.1 கி.மீ. எனப் பெறப்படும்.

இதே தொலைவைக் கோசைன் விதி எனப்படும் மற்றொரு வாய்பாட்டினாலும் காணலாம். அது எழுதுவதற்கு எளியது. பாடநூல்களில் முதலில் இடம்பெறுவதும் அதுவே. அவ்வாறிருக்க ஹேவர்சைன் ஏன் விரும்பப்படுகின்றது என்பதற்கு இரு காலங்களில் இரு வேறு விடைகள் இருந்தன. கப்பலோட்டிகள் மடக்கை அட்டவணைகளைக் கொண்டு கையால் கணித்த காலத்தில், எதிர் எண்ணுக்கு மடக்கை காண இயலாமை பெருந்தொல்லையாக இருந்தது. ஹேவர்சைன் மதிப்பு ஒருபோதும் எதிர் எண்ணாவதில்லை என்பதால் அட்டவணையை அச்சமின்றிப் பயன்படுத்த முடிந்தது. கணிப்பான்கள் வந்தபின் இந்நன்மை பொருளற்றதாகி, வாய்பாடும் பெரிதும் மறக்கப்பட்டது.

கணினிகள் பரவிய பின்னர் வேறொரு காரணத்திற்காக அது மீண்டும் தேவைப்பட்டது. இரு புள்ளிகள் மிக அருகில் இருக்கும்போது, இடைப்பட்ட கோணத்தின் கோசைன் மதிப்பு 1க்கு மிக நெருங்கிவிடுகின்றது. கணினி ஓர் எண்ணைக் குறிப்பிட்ட இலக்கங்கள் வரை மட்டுமே நினைவில் கொள்வதால், 0.99999999 போன்ற எண்களுக்கு இடையிலான வேறுபாடு தொலைந்துவிடுகின்றது. ஒற்றைத் துல்லிய எண்களைக் கொண்டு கோசைன் விதியைப் பயன்படுத்தினால், ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டருக்குக் குறைந்த தொலைவுகள் யாவும் சுழியமாகிவிடக்கூடும். அடுத்த தெருவிலுள்ள மருந்துக்கடையைத் தேடும் செயலிக்கு இது முழுத் தோல்வியாகும். ஹேவர்சைன் வாய்பாட்டில் சிறிய கோணங்கள் சிறிய எண்களாகவே நிற்பதால் இச்சிக்கல் எழுவதில்லை. 1984இல் ஆர். டபிள்யூ. சின்னட் 'ஸ்கை அண்ட் டெலசுகோப்' என்னும் வானியல் இதழில் இதனைச் சுட்டிக்காட்டி எழுதியதன் பின்னர், நிரலாளர்களிடையே இவ்வாய்பாடு மீண்டும் பரவியது. இரட்டைத் துல்லிய எண்கள் வழக்கமாகிவிட்ட இன்று கோசைன் விதியும் பெரும்பாலான தேவைகளுக்குப் போதுமானதே. எனினும் முழுமைப்படுத்தலின்போது கோசைன் மதிப்பு 1ஐச் சிறிதளவு தாண்டிவிட்டால், நேர்மாறு கோசைன் விடையே தராது போகும் இடர் அதில் எஞ்சியுள்ளது.

நீள்கோளக் கணிப்பு

புவி சரியான கோளம் அன்று. இன்றைய செயற்கைக்கோள் இடங்காட்டிகள் பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எசு. 84 என்னும் அளவுச் சட்டகத்தின்படி, அதன் நிலநடுக்கோட்டு ஆரம் 6378.137 கி.மீ.; துருவ ஆரம் 6356.752 கி.மீ. ஆகும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 21 கி.மீ.க்குச் சற்று அதிகம். இதனால் கோளமாகக் கொண்டு கணிக்கப்படும் தொலைவில் அரை விழுக்காடு வரை பிழை நேரலாம். சென்னைக்கும் மதுரைக்கும் இடையிலான நீள்கோளத் தொலைவு ஏறத்தாழ 420.8 கி.மீ.; ஹேவர்சைன் தந்த விடையைவிட இது 1.3 கி.மீ. குறைவு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் வடக்குத் தெற்காகச் செல்லும் பாகையின் நீளம் சராசரியைவிடக் குறைவாக இருப்பதே இதற்குக் காரணம்.

நீள்கோளத்தின் மீது தொலைவு காணும் முறைகளுள் பெரிதும் அறியப்பட்டது, தாடியசு வின்சென்டி 1975இல் வெளியிட்ட முறையாகும். விடையை நோக்கிப் படிப்படியாக நெருங்கும் இம்முறை மில்லிமீட்டர் அளவிலான துல்லியம் உடையது. ஆனால் புவியின் ஏறத்தாழ நேரெதிர்ப் பக்கங்களில் அமைந்த இரு புள்ளிகளுக்கு இது விடையை எட்டாமல் சுழன்றுகொண்டே இருக்கக்கூடும். இக்குறையை நீக்கிய படிமுறை ஒன்றைச் சார்லசு கார்னி 2013இல் வெளியிட்டார்.

இன்றைய செயலி உருவாக்குநர் இவ்வாய்பாடுகளைத் தாமே எழுதவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. ஆண்ட்ராய்டு இயங்குதளத்தின் இருப்பிட வகுப்பில் இரு ஆயங்களுக்கு இடையிலான தொலைவை மீட்டரில் தரும் செயற்கூறு உள்ளது; அது டபிள்யூ.ஜி.எசு. 84 நீள்கோளத்தையே பயன்படுத்துகின்றது. ஆப்பிள் நிறுவனத்தின் ஐ.ஓ.எசு. தளத்திலும் இதற்கு இணையான செயற்கூறு உண்டு. அது புவியின் வளைவைக் கணக்கில் கொள்கின்றது. உயர வேறுபாட்டைக் கொள்வதில்லை.

நீள்கோளத்தின் அளவுகள் நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த காலமும் உண்டு. வில்லியம் லாம்டன் 1802இல் சென்னை பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவைப் பணியின் பயனாக, எவரெசுட்டு நீள்கோளம் 1830இல் வரையறுக்கப்பட்டது. இந்திய நில அளவைத் துறையின் பழைய நிலப்படங்கள் இதனை அடிப்படையாகக் கொண்டவை. 2005ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கைக்குப் பின்னரே பொதுமக்களுக்கான படங்கள் டபிள்யூ.ஜி.எசு. 84க்கு மாறின. பழைய படத்தில் குறித்த ஆயத்தையும் கைப்பேசி காட்டும் ஆயத்தையும் மாற்றமின்றி ஒப்பிட்டால் சில நூறு மீட்டர் வரை பிழை நேரலாம். சீனாவில் பொது நிலப்படங்களுக்குச் சட்டப்படி வேண்டுமென்றே நகர்த்தப்பட்ட ஆயங்கள் பயன்படுத்தப்படுவதால், அங்கும் இத்தகைய பிழை எழுகின்றது. இவ்விடங்களில் எவ்வளவு நுண்மையான வாய்பாட்டைக் கையாண்டாலும் பயன் இல்லை.

தோராய முறை

சில நூறு கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவுகளுக்குப் பித்தாகரசுத் தேற்றமே ஏறத்தாழப் போதுமானது. அகலாங்கு வேறுபாட்டை அவ்வாறே கொண்டு, நெட்டாங்கு வேறுபாட்டை இரு இடங்களின் நடு அகலாங்கினது கோசைனால் பெருக்கி, இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் காணவேண்டும். சென்னை–மதுரைத் தொலைவுக்கு இம்முறை தரும் விடை, ஹேவர்சைன் விடையிலிருந்து ஏறத்தாழ 20 மீட்டரே வேறுபடுகின்றது. ஆயிரக்கணக்கான கடைகளின் தொலைவை நொடிக்குள் கணித்து வரிசைப்படுத்தவேண்டிய செயலிகளுக்கு இது ஏற்றது.

தரவுத்தளத்தில் தேடும்போது ஒவ்வொரு பதிவுக்கும் தொலைவு காண்பதும் வழக்கமில்லை. பயனரைச் சுற்றி 5 கி.மீ.க்குள் உள்ள இடங்கள் வேண்டுமெனில், முதலில் அவரைச் சூழ்ந்த ஒரு செவ்வகத்தின் அகலாங்கு, நெட்டாங்கு எல்லைகளுக்குள் வரும் பதிவுகள் மட்டும் பிரித்தெடுக்கப்பட்டு, அவற்றுக்கு மட்டுமே முழுக் கணிப்பு செய்யப்படுகின்றது.

வழக்கமான பிழைகள்

பாகையை ரேடியனாக மாற்றாது விடுதல் தொடக்க நிலையாளர்களிடம் மிகுதியாகக் காணப்படும் பிழையாகும். பெரும்பாலான நிரல்மொழிகளின் சைன், கோசைன் செயற்கூறுகள் ரேடியனையே எதிர்பார்க்கின்றன. இப்பிழையின் விளைவு பெரும்பாலும் பொருளற்ற எண்ணாக இருப்பதால் விரைவில் பிடிபட்டுவிடும். விடை நம்பத்தக்கதாகத் தோன்றும் பிழைகளே இடர் மிக்கவை.

அகலாங்கையும் நெட்டாங்கையும் இடம் மாற்றிவிடுதல் அவற்றுள் ஒன்று. மக்கள் பேச்சிலும் பல நிரல் நூலகங்களிலும் அகலாங்கு முதலில் வருகின்றது. ஜியோஜேசன் போன்ற தரவு வடிவங்களிலோ நெட்டாங்கு முதலில் வருகின்றது. சென்னையின் ஆயங்களை மாற்றி இட்டால், அது சுவல்பார்டு தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் கடற்பகுதிக்குச் சென்றுவிடும். மதுரையும் அவ்வாறே இடம்பெயரும். ஆனால் அவ்விரு ஆர்க்டிக் புள்ளிகளுக்கு இடையிலான தொலைவு ஏறத்தாழ 248 கி.மீ. என்றே கிடைக்கும். நிலப்படத்தில் இடாமல் எண்ணை மட்டும் காணும் ஒருவருக்கு இதில் ஐயம் தோன்றாமல் போகக்கூடும்.

தோராய முறையில் கோசைனை விட்டுவிடுதல் மற்றொன்று. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நாடுகளில் கோசைன் மதிப்பு 1ஐ ஒட்டியிருப்பதால், இப்பிழை வெளிப்படுவதே இல்லை. சென்னை–மதுரைத் தொலைவு 422க்குப் பதிலாக 425 கி.மீ. எனக் கிடைக்கும், சோதிப்பவர் நிறைவடைந்துவிடுவார். அதே செயலி நோர்வேயில் ஒஸ்லோவுக்கும் பேர்கனுக்கும் இடையிலான தொலைவை, உண்மையில் ஏறத்தாழ 305 கி.மீ. ஆக இருக்க, 606 கி.மீ. எனக் காட்டும். தமிழகத்திலோ இலங்கையிலோ மட்டும் சோதிக்கப்பட்ட செயலியை உயர் அகலாங்கு ஒன்றிலும் சோதித்துப் பார்த்தல் இன்றியமையாதது. திரையில் தெரியும் நிலப்படத்தின் படப்புள்ளிகளை எண்ணித் தொலைவு காண்பதும் இதைப் போன்றதே. இணைய நிலப்படங்கள் பெரும்பாலும் மெர்க்காட்டர் எறியத்தில் அமைவதால், 60 பாகை அகலாங்கில் நீளங்கள் நிலநடுக்கோட்டில் உள்ளதைவிட இருமடங்காகத் தோன்றும்.

பசிபிக் பெருங்கடலில் நெட்டாங்கு 180 பாகையைத் தாண்டும் இடத்தில், எண் திடீரென −180 ஆக மாறுகின்றது. பிஜித் தீவுகளின் வழியே இக்கோடு செல்கின்றது. தோராய முறை அங்கு அண்டை ஊர்களை உலகின் இரு கோடிகளில் இருப்பதாகக் கொள்ளும். ஹேவர்சைன் வாய்பாட்டில் சைன் வர்க்கமாக்கப்படுவதால் இத்தடுமாற்றம் நேர்வதில்லை.

ஓடிய தொலைவு

நடைப்பயிற்சி, ஓட்டப் பயிற்சிச் செயலிகள் சில நொடிகளுக்கு ஒருமுறை இருப்பிடத்தைப் பதிந்து, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையிலான சிறு தொலைவுகளைக் கூட்டுகின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் சில மீட்டர் பிழை இருப்பதால், அசையாமல் மேசை மீது கிடக்கும் கைப்பேசியும் நாள் முழுவதும் "நடந்துகொண்டே" இருக்கும். பிழைகள் ஒன்றையொன்று ஈடு செய்யும் என எண்ணுதல் இங்குப் பொருந்தாது. தொலைவு எதிர் எண்ணாவதில்லை என்பதால், அவை கூடிக்கொண்டே செல்லும். துல்லியம் குறைந்த புள்ளிகளைத் தள்ளுதல், குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த நகர்வுகளைப் பொருட்படுத்தாது விடுதல், கால்மன் வடிப்பி போன்ற முறைகளால் பாதையைச் சீராக்குதல் ஆகியன இதற்குத் தீர்வுகளாகக் கையாளப்படுகின்றன. மறுபுறம், புள்ளிகளை மிக அரிதாகப் பதிந்தால் வளைவுகள் வெட்டப்பட்டுத் தொலைவு குறைந்து காணப்படும்.

சாலைத் தொலைவு

சென்னையிலிருந்து மதுரைக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 460 கி.மீ.; இருப்புப் பாதை வழியாக 490 கி.மீ.க்கும் சற்று அதிகம். நேர்த்தொலைவைக் குறிப்பிட்ட ஓர் எண்ணால் பெருக்கிச் சாலைத் தொலைவை மதிப்பிடும் வழக்கம் சில செயலிகளில் உண்டு. சமவெளியில் இது ஓரளவு பொருந்தும், மலையில் பொருந்தாது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு நேர்த்தொலைவு ஏறத்தாழ 31 கி.மீ. மட்டுமே, மலைச்சாலையோ 50 கி.மீ.க்கும் மேல் வளைந்து செல்கின்றது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஏறத்தாழ 30 கி.மீ. நேர்த்தொலைவு இருந்தும் சாலையே இல்லை. செயலி அத்தகைய வேளையில் "வழி இல்லை" எனத் தெரிவிக்கவேண்டுமே அன்றி, மதிப்பீட்டு எண் ஒன்றைக் காட்டுதல் தகாது.

சாலைத் தொலைவைக் காணச் சந்திப்புகளைக் கணுக்களாகவும் சாலைத் துண்டுகளை இணைப்புகளாகவும் கொண்ட வலையமைப்பு தேவை. 2004இல் தொடங்கப்பட்ட ஓப்பன் ஸ்டிரீட் மேப் திட்டம் இத்தகைய தரவைக் கட்டற்ற முறையில் வழங்குகின்றது. எட்சர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட படிமுறையும், அதனை விரைவுபடுத்தி 1968இல் வெளியான ஏ-ஸ்டார் படிமுறையும் இவ்வலையமைப்பில் மிகக் குறுகிய வழியைக் காண உதவுகின்றன. ஏ-ஸ்டார் முறையில் எத்திசையில் முதலில் தேடுவது என முடிவு செய்ய, மேற்கண்ட நேர்த்தொலைவே வழிகாட்டியாகப் பயன்படுவது குறிப்பிடத்தக்கது. எந்தச் சாலையும் நேர்த்தொலைவைவிடக் குறுகியதாக இருக்க முடியாது என்ற உண்மையால் இது இயல்கின்றது.

இவ்வேறுபாடு பணத்தையும் சில வேளை உயிரையும் தொடுவது. ஆற்றின் எதிர்க்கரையில் 800 மீட்டர் தொலைவில் நிற்கும் அவசர ஊர்தி, பாலம் 6 கி.மீ. தள்ளி இருப்பின், இக்கரையில் 3 கி.மீ. தொலைவில் நிற்கும் ஊர்தியைவிடப் பிந்தியே வரும். எனவே இத்தகைய செயலிகள் நேர்த்தொலைவைக் கொண்டு சில ஊர்திகளை முதலில் தெரிந்தெடுத்து, அவற்றுக்கு மட்டும் சாலை வழியையும் பயண நேரத்தையும் கணித்து, அதன்பின் முடிவு செய்கின்றன.

தனியுரிமை

தொலைவை மட்டும் தெரிவித்தால் இருப்பிடம் வெளிப்படாது எனப் பலர் கருதுகின்றனர். மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து ஒருவருக்கு உள்ள தொலைவு தெரிந்தால், மூன்று வட்டங்கள் வெட்டும் புள்ளியாக அவரது இருப்பிடத்தைக் கண்டுவிடலாம். டிண்டர் செயலி மற்ற பயனர்களின் தொலைவை மிகுந்த துல்லியத்துடன் தன் சேவையகத்திலிருந்து அனுப்பி வந்ததால் இது இயன்றது என்பதனைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2014இல் வெளிப்படுத்தினர். திரையில் முழு எண்ணாகக் காட்டப்பட்டிருந்தும், பின்னணியில் அனுப்பப்பட்ட எண்ணில் பல தசம இலக்கங்கள் இருந்தன. முழுமைப்படுத்தலைக் கைப்பேசியில் செய்யாமல் சேவையகத்திலேயே செய்தல் இதற்கான முதற்படி ஆகும். ஆனால் தொலைவை மட்டும் முழுமைப்படுத்தினால், தான் நிற்கும் இடத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, எண் எங்கு மாறுகின்றது என்பதைக் கவனித்து எல்லையைக் கண்டறிய ஒருவரால் இயலும். ஆகவே ஆயங்களையே முதலில் ஒரு கட்டத்தின் நடுப்புள்ளிக்கு நகர்த்திவிட்டு, அதன்பின் தொலைவைக் கணிக்கும் முறை பரிந்துரைக்கப்படுகின்றது.